ஒண்ணு... ரெண்டு... மூணு... ப்ளே!

'ஹெட்போன் கார்னர்'ல இந்த வாரம் குளிர்கால ஸ்பெஷல்.

'நம்ம ஊர்ல ஏது பாஸ் குளிர்காலம்? ஃபேனை அஞ்சுல இருந்து மூணுக்குக் குறைச்சா அதான் நமக்குக் குளிர்காலம்!' என்று நீங்கள் கிண்டல் அடிப்பது இங்கே வரைக்கும் கேட்கிறது. ரைட்டு, ஒத்துக்கறேன். ஆனா, இந்த வாரம் நான் சொல்லப்போற மிக்ஸ், ரேடியோ ஷோ எல்லாம் பெரும்பாலும் நிஜமாவே குளிர்ற ஊர்கள்ல பொறந்தது. டிசம்பர் கடைசியில் லண்டனில் சூரியன் சாயங்காலம் நாலு மணிக்கு முன்னாடியே ஷட்டரை இறக்கிடும். மறுநாள் காலை எட்டு மணிக்குத்தான் திரும்பக் கடை திறப்பு. மொத்தமா எட்டு மணி நேரம்கூட வெளிச்சம் கிடையாது. மிச்சம் பதினாறு மணி நேரத்தை ஓட்டணுமே? அங்கேதான் ரேடியோவும் டி.ஜே.வும் உள்ளே வர்றாங்க.

'ஈ.சி.இ. தேர்டு இயர் படிக்கிற பையனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?'னு கேட்டீங்கன்னா, காரணம் ஒரு சீனியர். பேர் வேண்டாம், 'அண்ணன்'னு வெச்சுக்குவோம். ஃபர்ஸ்ட் இயர்ல ஹாஸ்டல்ல சேர்ந்த மூணாம் நாள், 'ரூமுக்கு வாடா'ன்னு கூப்பிட்டார். ராகிங்தான்னு முடிவு பண்ணி, குலதெய்வத்தைக் கும்பிட்டுட்டுப் போனேன். 'உட்கார்'னார். இயர்போன்ல ஒரு பக்கத்தை என் காதில் செருகினார், இன்னொரு பக்கத்தைத் தன் காதில். எழுபது நிமிஷம். ஒரு வார்த்தை பேசலை. முடிஞ்சதும், 'சரி, போய்ப் படு'ன்னார். என் வாழ்க்கையில் எனக்கு நடந்த ஒரே ராகிங் அதுதான்!

இப்போ அண்ணன் ஸ்காட்லாந்தில் இருக்கிறார். இந்த லிஸ்ட்டே அவராலதான். கதை வரும். அதுக்கு முன்னாடி ஒரு சின்ன லெக்சர், அட்டெண்டன்ஸ் உண்டு!

மிக்ஸ்னா என்ன?

நாம போன்ல போடுற ப்ளேலிஸ்ட்ல ஒரு பாட்டு முடியும், கேப் விழும், அடுத்தது வரும். மிக்ஸ்ல அந்த கேப் கிடையாது. ஒரு பாட்டு முடியறதுக்குள்ளே இன்னொண்ணு அதோட தோள்ல கை போட்டுக்கிட்டு உள்ளே வந்துடும். அதுக்கு ரெண்டு பாட்டும் ஒரே வேகத்துல ஓடணும். நிமிஷத்துக்கு 120 அடி விழுகிற பாட்டை, 126 அடி விழுகிற பாட்டோடு சேர்க்கணும்னா 5 சதவீதம் வேகம் ஏத்தணும். சிம்பிள் கணக்குதான். ஆனா, அதைக் காதால போடணும்!

இதுக்குத் தோதா ஒரு மெஷின் இருந்தது. 1972-ல் ஜப்பானின் மட்சுஷிட்டா கம்பெனி இறக்கிய 'டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200' டர்ன்டேபிள். பெல்ட் கிடையாது, மோட்டாரே நேரா தட்டைச் சுத்தும். கையால பிடிச்சு நிறுத்திட்டு விட்டா, அடுத்த கணம் பழைய வேகத்துக்கு வந்துடும். 1979-ல் வந்த 'மார்க் 2' மாடலில் ஒரு ஸ்லைடர் வெச்சாங்க. எட்டு சதவீதம் வேகம் கூட்டலாம், குறைக்கலாம். உலகம் பூரா டி.ஜே.க்கள் அந்த ஒரு ஸ்லைடரைத் தள்ளித்தான் பல வருஷம் பொழப்பை ஓட்டினாங்க. லெக்சர் ஓவர்!

கதை

அண்ணன் போன வருஷம் செப்டம்பரில் எம்.எஸ்சி. படிக்கப் போனார். வீட்டுப் பத்திரத்தை வெச்சு லோன். ஆரம்பத்தில் போன் பண்ணினா அரை மணி நேரம் ஓடும். 'டேய், இங்க பஸ்ஸுல இறங்கும்போது டிரைவருக்குத் தேங்க்ஸ் சொல்றாங்கடா!' என்பார். நவம்பரில் அது பத்து நிமிஷமாச்சு. டிசம்பரில், 'ம்... சொல்றா... ம்'னு மட்டும்.

டிசம்பர் 25. எனக்கு செம் லீவ், வீட்டில் இருந்தேன். சும்மா விஷ் பண்ணலாம்னு போன் போட்டேன். அங்கே அன்னிக்குக் கடை இல்லை, பஸ் இல்லை. கூட இருந்த மூணு பேரும் அவங்கவங்க ஊருக்குப் போயிட்டாங்க. நாலு ரூம் வீட்டில் இவர் மட்டும்.

'மூணு நாளாச்சுடா, வாயைத் திறந்து யார்கிட்டயாவது பேசி. நீதான் முதல் ஆளு.'

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்ன பதில் சொல்றது? நான் என்ன அட்வைஸ் பண்றது? எனக்கே ரெண்டு அரியர். சட்டுனு வாயில் வந்தது இதுதான்: 'அண்ணே, எழுபது நிமிஷம் ஃப்ரீயா?'

அந்தப் பக்கம் ரொம்ப நேரம் கழிச்சு ஒரு சின்ன சிரிப்புச் சத்தம். 'இருக்கேன்டா. போடு.'

ரெண்டு பேரும் ஒரே ஃபைலைத் திறந்து வெச்சுக்கிட்டு, ஒண்ணு, ரெண்டு, மூணு... ப்ளே! அவருக்கு ராத்திரி எட்டு மணி, எனக்கு ஒண்ணரை. அடுத்த பத்து நாளும் இதேதான். அந்தப் பத்து ராத்திரியிலிருந்து பொறுக்கி எடுத்ததுதான் இந்த லிஸ்ட்.

1. கோல்ட்கட் - 'செவன்ட்டி மினிட்ஸ் ஆஃப் மேட்னெஸ்' (1995)

ஃபர்ஸ்ட் இயரில் என் காதில் செருகப்பட்டது இதுதான். 'கோல்ட்கட்' என்பது லண்டனைச் சேர்ந்த ரெண்டு பேர். மேட் பிளாக், கம்ப்யூட்டர் புரோகிராமரா இருந்தவர். ஜொனாதன் மோர், டிராயிங் வாத்தியாரா இருந்தவர். (நம்மாளுங்களுக்கும் எதிர்காலம் இருக்கு மக்களே!) 1988-ல் 'கிஸ்' எஃப்.எம். லைசென்ஸே இல்லாத திருட்டு ஸ்டேஷனா ஓடிக்கிட்டிருந்தப்போ, 'சாலிட் ஸ்டீல்'னு ஒரு ஷோ ஆரம்பிச்சாங்க. அந்த ஷோவில் பழகின கைதான் இந்த மிக்ஸ்.

பேருக்கேத்த மாதிரி பைத்தியக்காரத்தனம்தான். டான்ஸ் பாட்டு, ராப், பேச்சுக்குரல், காமெடி எல்லாம் ஒரே குக்கரில். அடுத்து என்ன வரும்னு யூகிக்கவே முடியாது. மனசு ஒரே விஷயத்தைச் சுத்திச் சுத்தி அரைக்கும்போது இதைக் கேளுங்க. அரைக்க விடாது!

2. பால் ஓக்கன்ஃபோல்ட் - 'கோவா மிக்ஸ்' (1994)

பி.பி.சி. ரேடியோ 1-ல் 1993 அக்டோபரில் 'எசென்ஷியல் மிக்ஸ்' ஆரம்பமானது. வாரம் ஒரு டி.ஜே., ரெண்டு மணி நேரம், நடுவில் தடங்கல் கிடையாது. முதல் மிக்ஸைப் போட்டவர் அதை நடத்திய பீட் டாங்கே. அதில் ரசிகர்கள் இன்னிக்கும் தலையில் தூக்கி வெச்சுக் கொண்டாடுற ஒண்ணு, 1994 டிசம்பர் 18 அன்னிக்கு ஒலிபரப்பான 'கோவா மிக்ஸ்'.

ஆமா, நம்ம கோவாதான்! அஞ்சுனா பீச் பார்ட்டிகளில் பொறந்த டிரான்ஸ் இசையை வெச்சு செஞ்சது. ஒரு சூப்பர் தகவல்: கோவாவின் வெயிலிலும் தூசியிலும் இசைத்தட்டு தாங்காதுன்னு, அங்கே டி.ஜே.க்கள் 'டாட்' என்கிற டிஜிட்டல் கேசட்டில்தான் வாசிச்சாங்க. கோவாவுக்கு டிசம்பர்னா சீசன். லண்டனுக்கு டிசம்பர்னா இருட்டு. அந்த இருட்டுக்குள்ளே இந்தக் கடற்கரையை ரெண்டு மணி நேரத்துக்குப் பார்சல் அனுப்பின மாதிரி இருக்கும். நடுநடுவே சினிமாப் பின்னணி இசையெல்லாம் கலந்து, படம் பார்க்கிற ஃபீல்.

'எனக்கு இங்க ஹீட்டரே வேணாம் போலடா'ன்னார் அண்ணன்.

3. கே.எல்.எஃப். - 'சில் அவுட்' (1990)

அட்டையில் செம்மறி ஆடுகள். உள்ளேயும் ஆடுகள் கத்தும்! அமெரிக்காவில் டெக்சாஸிலிருந்து லூசியானா வரைக்கும் ராத்திரி பூரா கார் ஓட்டிக்கிட்டுப் போற மாதிரி ஒரு கற்பனைப் பயணம். ரயில் சத்தம், ரேடியோவில் யாரோ பேசுறது, ஸ்டீல் கிடார், நடுவில் டூவா நாட்டுத் தொண்டைப் பாட்டு. டிரம்ஸ் அடி கிட்டத்தட்ட கிடையவே கிடையாது. 44 நிமிஷம்தான்.

இதைக் கேட்ட ராத்திரிதான் நான் மாட்டினேன். தண்ணி குடிக்க எழுந்து வந்த அம்மா, 'இந்நேரத்துல யாருகிட்டடா பேசுற? யாரு அந்தப் பொண்ணு?'ன்னாங்க. 'பொண்ணு இல்லம்மா, சீனியரு'ன்னேன். 'சீனியரு ஏன்டா ஆடு மாதிரி கத்துறான்?'

விளக்கிச் சொல்றதுக்குள்ளே போனைப் பிடுங்கிட்டாங்க. ஒரு நிமிஷம் காதில் வெச்சுப் பார்த்துட்டு, 'தம்பி... சாப்பிட்டியாப்பா?'ன்னாங்க.

அந்தப் பக்கம் பதில் இல்லை. ஆடு மட்டும் கத்திக்கிட்டிருந்தது. அப்புறம், 'பிரெட் சாப்பிட்டேன்மா'ன்னு குரல் உடைஞ்சு வந்தது. மதியமும் பிரெட்டாம். முந்தின நாளும் பிரெட்டாம். அம்மா அன்னிக்கு அரை மணி நேரம் பேசினாங்க. ஒரே குக்கரில் அரிசி, பருப்பு, தக்காளி போட்டு எப்படி இறக்கணும்னு பாடம் எடுத்தாங்க. கடைசியில், 'உங்கம்மாகிட்ட நிஜத்தைச் சொல்லுப்பா. நல்லா இருக்கேன் நல்லா இருக்கேன்னு சொன்னா எங்களுக்குத் தெரியாதா?'ன்னாங்க.

மறுநாள் அவர் தன் அம்மாகிட்ட பேசினார். என்ன பேசினார்னு நான் கேக்கலை.

4. க்ரூடர் அண்ட் டார்ஃப்மைஸ்டர் - 'டி.ஜே. கிக்ஸ்' (1996)

வியன்னாவைச் சேர்ந்த ரெண்டு சோம்பேறிகள்... ஸாரி, நிதானஸ்தர்கள்! பெர்லினில் இருக்கிற ஒரு கம்பெனி 1995-ல் 'டி.ஜே. கிக்ஸ்'னு ஒரு மிக்ஸ் வரிசை ஆரம்பிச்சது. பார்ட்டியில் ஆடுறதுக்குன்னு இல்லாம, வீட்டில் உட்கார்ந்து கேட்கிறதுக்கான மிக்ஸ். அதில் இவங்க போட்டது கிளாசிக். பேஸ் கம்பளிப் போர்வை மாதிரி கனமா வந்து மூடும், ஆனா அவசரமே படாது. ரெக்கார்டு எழுதும்போதும், கோடிங் அடிக்கும்போதும் பின்னாடி ஓட விடுங்க. வேலை தானா நடக்கும்.

5. ஜான் பீல் ஷோ (1967 - 2004)

ரேடியோ 1 ஆரம்பிச்ச 1967-ல் சேர்ந்தவர், 2004 அக்டோபரில் பெரு நாட்டில் இறக்கும் வரை அங்கேயே இருந்தவர். குரல் ஒண்ணும் கணீர்க் குரல் கிடையாது. பக்கத்து வீட்டு சித்தப்பா மாதிரி பேசுவார். இசைத்தட்டைத் தப்பான வேகத்தில் போட்டுட்டு, மன்னிப்புக் கேட்டு மாத்திப் போடுவார். யாருக்குமே தெரியாத பேண்டு அனுப்பின கேசட்டைக் கேட்டு, பிடிச்சிருந்தா நாட்டுக்கே போட்டுக் காட்டுவார். 1978-ல் 'தி அண்டர்டோன்ஸ்' என்கிற வட அயர்லாந்துப் பசங்களோட 'டீனேஜ் கிக்ஸ்' பாட்டு பிடிச்சுப்போய், ஒரே ஷோவில் அடுத்தடுத்து ரெண்டு தடவை போட்டார்!

குளிர்காலத்துக்கு ஏன் இவர்? 'ஃபெஸ்டிவ் ஃபிஃப்டி.' 1976-லிருந்து வருஷக் கடைசியில், நேயர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஐம்பது பாட்டுகளை கிறிஸ்துமஸ் சமயத்தில் எண்ணிக்கிட்டு வருவார்.

இன்னொரு விஷயம். அந்தக் காலத்து ஷோக்கள் நிறைய இன்னிக்கு நமக்குக் கிடைக்கிறதுக்குக் காரணம், வீட்டில் கேசட்டில் பதிவு பண்ணி, பரணில் பத்திரமா வெச்சிருந்த சாதாரண நேயர்கள்தான். எத்தனையோ பேர், தனித்தனி ரூமில், ஒரே நேரத்தில் ரெக்கார்டு பட்டனை அமுக்கியிருக்காங்க. அண்ணன் இதைச் சொன்னப்போ, 'நாம ரெண்டு பேர்தான்னு நெனைச்சேன்டா. இவங்க பெரிய கூட்டமால்ல இருந்திருக்காங்க!'ன்னார். அந்த 'நாம'ங்கிற வார்த்தையை நவம்பருக்கு அப்புறம் அன்னிக்குத்தான் அவர் வாயிலிருந்து கேட்டேன்.

6. மேரி ஆன் ஹாப்ஸ் - 'டப்ஸ்டெப் வார்ஸ்' (2006)

தெற்கு லண்டனில் சின்னக் கூட்டத்துக்கு மட்டும் தெரிஞ்சிருந்த டப்ஸ்டெப் இசை, 2006 ஜனவரியில் ரேடியோ 1-ல் மேரி ஆன் ஹாப்ஸ் நடத்திய ஒரே ஒரு ராத்திரியில் ஊரறிஞ்சதா மாறியது. மாலா, ஸ்க்ரீம், கோட் 9, லோஃபா, ஹாட்சா ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா வந்து வாசிச்சாங்க. ஒவ்வொரு தட்டிலும் அந்த ராத்திரியோட குளிர் ஏறியிருக்கும்.

அதுக்கு முன்னாடி இந்த இசைக்கு வீடு கொடுத்தது 'ரின்ஸ்' எஃப்.எம். 1994-ல் ஆரம்பிச்சு, 2010-ல் லைசென்ஸ் வாங்கும் வரைக்கும் திருட்டு ஸ்டேஷன். எஃப்.எம். அலை கிட்டத்தட்ட நேர்க்கோட்டில் போகும், கட்டடம் மறிச்சா சிக்னல் படுத்துடும்னு நாம ஆன்டெனா பேப்பரில் படிக்கிறோமே... அவங்க அதை அடுக்குமாடி மொட்டை மாடியில் ஏறிப் படிச்சாங்க. உயரத்தில் ஆன்டெனா கட்டினா லண்டன் பூரா கேக்கும். அதிகாரிகள் வந்து கழட்டுவாங்க, இவங்க மறுபடி கட்டுவாங்க!

ஒரு எச்சரிக்கை: இதை போன் ஸ்பீக்கரில் கேட்டா ஒண்ணுமே இருக்காது. ஏன்னா இதோட உயிரே 50 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிற பேஸ். அந்தக் குட்டி ஸ்பீக்கரால அதைத் தள்ள முடியாது. நல்ல ஹெட்போன் மஸ்ட். ஆனா, ஃபுல் சவுண்டு வேண்டாம். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கிறவங்களுக்கு 80 டெசிபல்தான் லிமிட்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. காது ஸ்பேர் பார்ட் கிடைக்காது மக்களே!

7. 'ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்பேஸ்' (1973 முதல்)

கலிஃபோர்னியாவின் பெர்க்லியில், ஸ்டீபன் ஹில் என்கிற ஆர்க்கிடெக்ட் 1973-ல் கே.பி.எஃப்.ஏ. ரேடியோவில் ஆரம்பிச்ச ராத்திரி நேர ஷோ. 1983-லிருந்து அமெரிக்கா முழுக்கப் போக ஆரம்பிச்சது. ஒரு மணி நேரம், மெதுவா மிதக்கிற இசை. அவர் ஆரம்பத்திலும் முடிவிலும் மட்டும் ரெண்டு வார்த்தை பேசுவார், அவ்வளவுதான். கட்டடம் கட்டத் தெரிஞ்சவர்ங்கிறதால, இசையிலும் காலியிடம் விட்டுக் கட்டியிருக்கார். தூக்கம் வராத ராத்திரிக்கு இதுதான் என் மருந்துச் சீட்டு.

போனஸ்: ஷிப்பிங் ஃபோர்காஸ்ட்

இது பாட்டே இல்லை. பி.பி.சி. ரேடியோ 4-ல் நள்ளிரவு தாண்டி வாசிக்கிற கடல் வானிலை அறிக்கை! பிரிட்டனைச் சுத்தியுள்ள கடலை 31 பகுதியாப் பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் காத்து, மழை, பார்வைத் தூரம்னு ஒரே தாளத்தில் வாசிப்பாங்க. மொத்த அறிக்கையும் ஏறக்குறைய 350 வார்த்தைக்குள்ளே அடங்கணும். அதுக்கு முன்னாடி 'செய்லிங் பை'னு ஒரு வால்ட்ஸ் இசை போடுவாங்க. கப்பலே பார்க்காதவங்ககூட படுக்கையில் இதைக் கேட்டுட்டுத் தூங்குவாங்க. வெளியே புயல், நாம உள்ளே போர்வைக்குள்ளே என்கிற நிம்மதி! 'கடலூர், நாகை துறைமுகங்களில் எச்சரிக்கைக் கூண்டு'ன்னு கேட்டே வளர்ந்த நமக்கு, இது புரியாமலா போகும்?

கடைசியா ஒண்ணு...

மிக்ஸ் கேட்டு எல்லாப் பிரச்னையும் தீர்ந்துடுச்சுன்னு நான் ரீல் விடப் போறதில்லை. ஜனவரியில் காலேஜ் திறந்ததும் அண்ணன் அங்கே இருக்கிற கவுன்சிலரைப் போய்ப் பார்த்தார். அதுதான் நிஜமான வைத்தியம். படிப்பு முடிஞ்சிருச்சு. வேலை இன்னும் கிடைக்கலை. லோன் அப்படியே நிக்குது. குக்கர் சாதம் மட்டும் நல்லா வருதாம்.

ஆனா, அந்தப் பத்து ராத்திரியில் நான் ஒண்ணு தெரிஞ்சுக்கிட்டேன். கஷ்டத்தில் இருக்கிற ஒருத்தர்கிட்ட என்ன பேசறதுன்னு தெரியலைன்னா, போன் பண்ணாமலே விட்டுடறோம். 'என்ன பேசறது?'ங்கிற பயத்திலேயே நாள் ஓடிடுது. பேச வேண்டாம் ஃப்ரெண்ட்ஸ். கூட இருந்து ஒரு மணி நேரம் கேளுங்க, போதும். பேச்சு வந்தா வரும். வரலைன்னாலும் அந்த ஒரு மணி நேரம் அவர் தனியா இல்லை.

ஸோ, இந்த வார டாஸ்க்: ஹாஸ்டலில் லீவுக்கு ஊருக்குப் போகாம தங்கிட்ட ஒருத்தர், வெளியூர்ல வேலைக்குப் போன க்ளாஸ்மேட், 'ம்... ம்'னு மட்டும் பேசுற ஃப்ரெண்டு... யாரோ ஒருத்தர் உங்களுக்கும் இருப்பாங்க. லிஸ்ட்டில் இருந்து ஒண்ணை எடுங்க. கால் போடுங்க. எண்ணுங்க. நெட்வொர்க் லேட்டன்சியில் அரை செகண்டு முன்னப்பின்ன இருக்கும், பரவாயில்லை.

இந்த டிசம்பரில் மிக்ஸ் செலக்ட் பண்ற டர்ன் அண்ணனோடது. என்னன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கிறார். 'ஒண்ணரை மணிக்கு ரெடியா இருடா. அம்மாவையும் எழுப்பி வை'ன்னு மட்டும் சொல்லியிருக்கார்.

அடுத்த வாரம் பார்க்கலாம் மக்களே!